மாமா குளிப்பாட்டிய டபுள் பேஸ்

அப்பாவின் டபுள் பேஸைத் தன் லோரியோடு சேர்த்துக் குளிப்பாட்டியவர் என் தாய்மாமா. தமிழனைத் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒரு யோசனை வந்திருக்காது. அன்று ஆயுத பூஜை. சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டு வரிசை முழுக்க வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் அவர் வாசிக்கும் ஹோட்டலிலேயே கிடக்கும் அப்பாவின் வாத்தியம் அந்த வருடம் பூஜைக்கென்று வீட்டுக்கு வந்திருந்தது. வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்டது மாதிரி இருக்கும். லோரி பளபளவென்று நிற்க, பக்கத்தில் இது மட்டும் தூசியோடு நிற்பதைப் பார்த்து மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. ரப்பர் குழாயை அதன் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு பயபக்தியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

சுண்டல் தீர்வதற்குள் பின்பலகை பசை விட்டு வாயைப் பிளந்துகொண்டது. அப்பா கத்தவில்லை. "இனிமே எத வெச்சு வாசிக்கிறது?" என்றவர், அன்றிலிருந்து வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாலையானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹோட்டல் பேண்டில் வாசிக்கக் கிளம்புகிற மனிதர், பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் சம்பளத்தில் ஓடிய வீடு அது.

அம்மா தன் தம்பியிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "இது சரியாகலன்னா நீ இங்க இருக்காதடா. தெலுக் பங்லிமா காராங்ல உன் கூட்டாளிங்க பெக்டரி ஹோஸ்டல்ல இருக்கானுங்கல்ல, அங்கயே போயிரு."

அந்த வீட்டில் என்னோடு விளையாடுகிற ஒரே பெரிய ஆள் மாமாதான். அப்பாவைவிட அவரைத்தான் எனக்குப் பிடிக்கும். மரக்கட்டை ஒன்று பிளந்ததற்காக அவர் போகவேண்டுமா என்று பூஜையறைச் சரஸ்வதியிடம் கோபித்துக்கொண்டேன்.

பழுதுபார்க்கக் காட்டலாம் என்று மாமா சொல்லும்போதெல்லாம், "பாத்து ஒன்னும் ஆகப்போறதில்ல" என்று அப்பா தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மாமாதான் பிடிவாதமாக வாத்தியத்தைப் பழைய மெத்தையில் சுற்றி லோரியில் ஏற்றினார். அப்பாவும் நானும் முன்னால் ஏறிக்கொண்டோம். பிரிக்பீல்ட்ஸ் கடையில் போய் இறங்கினோம்.

வாத்தியம் பழுதுபார்க்கும் அங்கிள், பிளந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி பட்டதெல்லாம் ஒரு விசயமே இல்ல பிரதர். பசைதானே விட்டுருக்கு, ஒட்டிரலாம் லா" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அவர் நிறுத்தவில்லை.

"உள்ளதான் கரையான் மொத்தமா தின்னுருச்சே. ஹோட்டல்ல உங்கள நிப்பாட்டிட்டு கீபோர்ட் வெச்சப்பவே வந்து காட்டுனீங்க, அப்பவே சொன்னேன்ல? செய்யலாம், ஆனா வொர்த் இல்ல. இனிமே எங்க வாசிக்கப் போறீங்க?"

அப்பா மாமாவைப் பார்த்தார். வாத்தியத்தின் கழுத்தைத் தாங்கிப் பிடித்திருந்த மாமா, ரோட்டில் போகிற வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெத்தையை இழுத்து அதன்மேல் போர்த்தினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தப்பு கரையான் செய்தது. மாமா எங்கும் போகவேண்டியதில்லை. அம்மாவிடம் நான்தான் முதலில் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் துடித்தேன்.

கேட்டிலேயே காத்திருந்தார் அம்மா. "என்ன சொன்னாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "தண்ணி ரொம்ப உள்ள எறங்கிருச்சாம்க்கா. சரி பண்ண முடியாதாம். எல்லாம் என்னாலதான்."

அம்மா அழுதுகொண்டே அவரைத் திட்டினார். பையைக் கட்டச் சொன்னார்.

"அவன் எங்கயும் போகவேணாம். இங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா. "நான் வேற வேல பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மாமா போகவில்லை என்பது போதும், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனாலும் அந்த அங்கிள் அவ்வளவு தெளிவாகச் சொன்னதை மாமா எப்படி இப்படித் தப்பும் தவறுமாகச் சொல்கிறார் என்று யோசித்து யோசித்து, லோரி ஓட்டி ஓட்டி அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவுசெய்தேன். மறுநாளிலிருந்து அவரிடம் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன்.