கிழக்கு என்று சொன்ன காது

சுவா பெக்சான் 1919-இல் பிறந்தவர், 1991-இல் இறந்தவர். கின்மென் தீவின் வடகரையில், நாற்பத்து மூன்று வீடுகள் கொண்ட எங்கள் ஊரில் சிப்பி வளர்த்தார். பள்ளிக்கூடம் இரண்டு வருடம். பிள்ளைகள் மூவர். இங்கே நான் எழுதுவது அவருடைய காதைப் பற்றி.

1958 ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி மாலை, கடலுக்கு அப்பால் எதிரிப் படை இருந்த எதிர்க்கரையிலிருந்து குண்டுகள் விழத் தொடங்கின. பத்தே நாளில் பெக்சான் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். முதல் குண்டின் சீழ்க்கையைக் கேட்டே அது ஊருக்குக் கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்று சொல்லிவிடுவார். பின்னால் வருபவையும் பெரும்பாலும் அந்தப் பக்கமே வரும். ஊரில் பதுங்கு குழிகள் இரண்டு: மூதாதையர் மண்டபத்துக்குப் பின்னால், கிழக்கே ஒன்று, கிணற்றடியில், மேற்கே ஒன்று. பெக்சான் சந்து முனையில், உடைந்த திரிகைக் கல்லின் மேல், வடக்கே கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "கிழக்க விழுது, மேக்க ஓடுங்க" என்பார். எல்லோரும் இறங்கிய பிறகுதான் தான் இறங்குவார்.

ஊர் எழுத்தர் என்ற முறையில் குண்டுகளை எண்ணி எழுதுவது என் வேலை. அவர் சொன்ன திசையையும் பக்கத்திலேயே குறித்தேன். அக்டோபர் முடிய இருபத்து நான்கு தடவை சொன்னார், இருபத்திரண்டு சரி.

அந்த மாதக் கடைசியில், இனி ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டுமே சுடுவோம் என்று எதிர்க்கரை அறிவித்தது. நவம்பர் மூன்றாம் தேதி, கடைசி ஆளாகக் குழிவாசலில் நின்ற பெக்சானுக்கு இடப்புறம் ஏழடி தூரத்தில் ஒரு குண்டு வெடித்தது. உடம்பில் கீறல் இல்லை. இடக் காதிலிருந்து மட்டும் ரத்தம் வந்தது. புண் எதுவானாலும் எங்கள் ஊரில் ஒரே மருந்துதான். அவர் மனைவி கிம்லியான் வெள்ளைச் சோளச் சாராயத்தைக் காய்ச்சிய சூட்டோடு அந்தக் காதில் ஊற்றினாள். அவர் போட்ட சத்தம் இரண்டு குழிகளிலும் கேட்டது. ஆறு நாள் கழித்து ராணுவ மருத்துவர் பார்த்தார். செவிப்பறை கிழிந்தது தானே ஆறும் என்றும், ஊற்றியதுதான் தவறு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"உள்ள சிள்வண்டு கத்துது. அது கிடக்கட்டும், ஒரு காது போதும்" என்றார் பெக்சான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அவர் மறுபடி திரிகைக் கல்லில் உட்கார்ந்தார்.

டிசம்பர் முப்பத்தொன்றும் ஜனவரி ஒன்றும் இரண்டுமே ஒற்றைப்படை. இரண்டு நாளும் அவர் "கிழக்க" என்றார். இரண்டு நாளும் மேற்கே விழுந்தது. வருட முடிவில் கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். நவம்பர் ஐந்து முதல் குண்டு விழுந்த மாலைகள் பத்தொன்பது. அதில் பதினேழு மாலை அவர் கிழக்கு என்று சொல்லியிருந்தார். உண்மையில் கிழக்கே விழுந்தது ஏழுதான். பத்து மாலை நாங்கள் குண்டு விழும் பக்கமாகவே ஓடியிருக்கிறோம். ஒருவரும் சாகவில்லை என்பதால் ஒருவரும் எண்ணவில்லை.

ஜனவரி இரண்டு, இரட்டைப்படை. காலையில் குறிப்பேட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொல்றேங்கிறீங்களா எழுத்தரே?"

"இல்ல. சரியா விழலைங்கிறேன்."

"கிழக்க கேக்குது, கிழக்கன்னு சொல்றேன். காதுல கேக்காததையா சொல்றேன்?"

கிம்லியான் உள்ளிருந்து வந்தாள். "ரெண்டு மாசமா நானும் பாக்கறேன். கொல்லையில இருந்து கூப்பிட்டா வாசலைப் பாத்து 'என்ன'ங்கறாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன்."

கடலைப் பார்த்து உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னோம். கிம்லியான் அவருடைய இடப்புறம், பின்னால் போய் நின்று இரும்புச் சட்டியில் கரண்டியால் தட்டினாள். அவர் வலப்புறம் கை காட்டினார். வலப்புறம் தட்டினாள்; வலப்புறமே காட்டினார். தலைக்கு நேர் பின்னால் தட்டினாள், அப்போதும் வலப்புறம். ஒன்பதாவது தட்டலுக்குக் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். மனைவி எங்கே நிற்கிறாள், தன் விரல் எங்கே நீண்டிருக்கிறது என்று பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார்.

கேட்கும் காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே அவருக்கு உலகம் முழுவதும் ஒலித்தது. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் அது கிழக்கு.

"எத்தனை பேர் அந்த மேக்குக் குழியில?" என்று கேட்டார்.

"அறுபத்தெட்டு."

அன்று மாலையே மண்டபத்தில் ஊரைக் கூட்டி, "என் காதை நம்பாதீங்க. கிட்ட இருக்கிற குழிக்கு ஓடுங்க" என்றார்.

பக்கத்து வீட்டுப் புவாட் சிரித்தாள். வாய் ஓயாத பெண். "ஏண்ணே, பெரிய மனுஷனாயிட்டீங்களா? நாங்க கெஞ்சணுமா?"

"நெசமாத்தான் சொல்றேன் புவாட்."

"நெசந்தான். போன மாசம் எங்க பன்னி குண்டுக்குத் தப்பிச்சது உங்களாலதான்."

யாரும் நம்பவில்லை. மறுநாள் ஜனவரி மூன்று. மாலை ஐந்தேகாலுக்கு முதல் குண்டு வந்தபோது ஊரே சந்தில் நின்று, கல்லில் உட்கார்ந்திருந்த அவர் முகத்தைப் பார்த்தது. அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் பழக்கத்தில் தலை சற்று வலப்புறம் திரும்பியது. அதைப் பார்த்து அத்தனை பேரும் மேற்கே ஓடினார்கள். குண்டுகள் மேற்கே விழுந்தன. மொத்தம் பதினொன்று. புவாட்டின் கணவன் தோளில் குழியின் உத்தரம் விழுந்து எலும்பு முறிந்தது.

ஊர் அப்போதும் அவரைக் குறை சொல்லவில்லை. "அண்ணன் பேசலையே, நாமளாத்தான் ஓடினோம்" என்றார்கள். அதுதான் அவரை வதைத்தது. நான்காம் தேதி முழுவதும் அவர் சிப்பிக் கரைக்குப் போகவில்லை.

ஐந்தாம் தேதி நாலு மணி. வெயில் கூரைகள் மேல் இருந்தது. பீரங்கி இன்னும் முழங்கவில்லை. பெக்சான் வீட்டிலிருந்து வந்து, திரிகைக் கல்லைத் தாண்டி, எல்லோரும் பார்க்கக் கிழக்குக் குழிக்கு நடந்து போய், முதல் ஆளாக இறங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஊர் சந்தில் நின்று பார்க்க இனி அவர் முகம் இல்லை.

சந்தில் யாரோ துப்பினார். பெண்கள் சட்டிகளை எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழிக்கு இறங்கத் தொடங்கினார்கள். முதல் குண்டு ஐந்து ஐம்பதுக்கு வந்தது. அப்போது வெளியே இருந்தது ஒரு கோழி.

புவாட் கிழக்குக் குழிக்கு வந்தாள். பெக்சானுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"பொம்பளைங்களுக்கு முன்னாடி எறங்கின ஆம்பளை" என்றாள், பக்கத்தில் இருந்தவர்கள் கேட்க. "ஒரு தடவை அடிபட்டதும் தைரியமெல்லாம் சாராயத்தோட கரைஞ்சிருச்சு. என் புருஷன் தோள் போச்சு, இவருக்குச் சுவத்தைப் பாக்கறதுக்கு எடம் கெடைச்சிருச்சு."

வெளியே குண்டுகள் காதடைக்க வெடித்துக்கொண்டிருந்தன. அவர் சுவரில் வழியும் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மாற்றம் இல்லை. புவாட் இன்னும் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் எழுதவில்லை. அதற்கும் அவர் திரும்பவில்லை. கையெட்டும் தூரம்தான்.

புவாட் பேச்சை நிறுத்தினாள். குனிந்து அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டி, அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே" என்றாள்.

அவர் திரும்பினார்.

"சக்கரவள்ளிக் கெழங்கு கொண்டாந்திருக்கேன். சூடா இருக்கு, தோலை உரிச்சுச் சாப்பிடுங்க."