கவுன்சிலரான மருந்துக்கடை அக்கா

கிழக்கு லண்டனில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையை நடத்திய அந்த அக்கா மெலிந்து உயர்ந்தவர். ஓரிடத்தில் நிற்கவே மாட்டார்.

ஒருநாள் என் மகளின் இன்ஹேலரை நீட்டியபடி, "உங்கட கவுன்சில் வீட்டுச் சுவர் ஈரமோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு."

"அப்ப நான் மருந்து தந்து என்ன பிரயோசனம்?"

அடுத்த தேர்தலில் நின்று கவுன்சிலரானார். கடையை விற்றுவிட்டார்.

சில மாதங்களுக்குப் பின் பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன்.

"சந்தோசமோ அக்கா?"

"குளிசை குடுத்தா ரெண்டு நாளில சுகம் தெரியும். கவுன்சில்ல ஒரு சுவரைத் திருத்த எத்தனை கூட்டம்! இருக்கேலாமக் கிடக்கு."

"திரும்பிக் கடைக்கு வாங்கோவன்."

"வந்தா உங்கட சுவரை ஆர் பாக்கிறது?"

பஸ் வருமுன்பே நடக்கத் தொடங்கிவிட்டார். நான் ஏறிய பஸ் அவரைக் கடந்தபோது, இறங்கி அவரோடு நடக்க வேண்டும் போலிருந்தது. எங்கே போகிறார் என்றுகூட நான் கேட்கவில்லை.