காதை அடைத்துக்கொண்டு ஓடினேன்

நெடுங்கேணியில் படித்த காலத்தில் நானும் தோழி சுகந்தியும் பள்ளி ஓட்டப்போட்டிக்காகக் காட்டோர வீதியில் சேர்ந்து ஓடுவோம். அவள் மூச்சு வாங்கும் சத்தம் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கும். திருமணமாகி அவள் கனடா போனபின், ஓட்டத்தை அளக்கும் கைபேசிச் செயலி ஒன்றில் இருவரும் இணைந்துகொண்டோம். நான் இங்கே ஓடுவது அவளுக்கும், அவள் அங்கே ஓடுவது எனக்கும் தெரியும்.

ஒருநாள் விடியற்காலை, காதில் ஒலிக்கருவியை மாட்டி, செயலியின் குரலைக் கேட்டபடி ஓடினேன். திடீரென்று முதுகில் ஒரு மண்கட்டி வந்து விழுந்தது. கோபத்துடன் திரும்பினேன். வயலில் நின்ற அம்மா ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"எவ்வளவு நேரமாக் கத்திறன் பிள்ளை! அங்கை பாருங்கோ, யானை!"

வீதி வளைவில், மரங்களோடு மரமாக அது நின்றது. செயலியோ என் வேகம் போதாது என்றது. இருவரும் மெல்லப் பின்வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி அழைத்தாள்.

"ஏனடி இடையிலை நிண்டிட்டாய்? களைச்சுப்போனியோ?"

நடந்ததைச் சொன்னேன்.

"நான் பக்கத்திலை ஓடியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமடி" என்றாள்.

இப்போது நான் காதில் எதையும் மாட்டுவதில்லை. வயலுக்கு வருபவர்களிடம் யானை எந்தப் பக்கம் என்று நின்று கேட்டுவிட்டே ஓடுகிறேன். அதனால் செயலியின் கணக்கில் சுகந்திதான் முன்னால் நிற்கிறாள். பள்ளி நாட்களிலும் பந்தயத்தில் அவள்தான் முதலாவதாக வருவாள்.

— ஒரு வாசகி, நெடுங்கேணி