அச்சம் என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் நான் தமிழாசிரியை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கண்டிப்பானவள் என்று பெயர். அரை மதிப்பெண்கூடச் சும்மா போட மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததற்கெல்லாம் காரணம் அந்தக் கர்வம்தான்.

எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக ஓர் அம்மா இருந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பத்தாம் வகுப்பு தேறினால் அமைப்பாளராகலாம் என்ற ஆசையில் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். மற்ற பாடமெல்லாம் தேறியாகிவிட்டது. தமிழில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. "கணக்கையே தாண்டிட்டேன் மிஸ், தமிழ்தான் காலை வாருது" என்று சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து படிக்கச் சொன்னேன்.

ஒரு ஞாயிறு, பா நயம் பாராட்டல் நடத்தினேன். பரீட்சையில் ஒரு கவிதையைக் கொடுத்து நயம் எழுதச் சொல்வார்கள். அதற்கு எங்களிடம் ஒரு வாய்பாடு உண்டு. மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சுவை என்று தலைப்புப் போட்டு, கீழே இரண்டிரண்டு வரி நிரப்பினால் மதிப்பெண் வந்துவிடும். நான் கொடுத்த கவிதையில், நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவன் எங்கோ தூரதேசத்தில் உட்கார்ந்து, தன் வீட்டுக் கிணற்றையும், கொல்லை முருங்கையையும், உள்ளேயிருந்து அம்மா கூப்பிடும் குரலையும் நினைக்கிறான். சுவை என்ற தலைப்பில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு 'அவலம்' என்று எழுதிவிடுவார்கள். இவர் 'அச்சம்' என்று எழுதியிருந்தார். சிவப்புப் பேனாவால் அடித்து இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

"இதுல பயம் எங்கங்க இருக்கு? பேய் வருதா, புலி வருதா?"

"இல்ல மிஸ்... அம்மா கூப்பிடுற எடத்துல..." என்று இழுத்தார்.

நான் பேசவே விடவில்லை. "ஊரை நெனச்சு ஏங்குறான், அவ்வளவுதான். உங்க ஊரு தரங்கம்பாடிப் பக்கம் கடலோரம்னு சொன்னீங்கள்ல? ஒரு நடை போயிட்டு வாங்க. பொறந்த மண்ணை மிதிச்சா பேனா தானா ஓடும். வந்து ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்க."

தலையாட்டிவிட்டு எழுந்தார். குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வானம் இருண்டு கிடந்தது. கடலில் புயல் உருவாகியிருக்கிறது, கடலோர மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வரவில்லை. இந்த மழையில் எப்படி வருவார் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். பத்தரை மணிக்கு அவர் கணவர் போன் செய்தார்.

"மிஸ், அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க. போன் ஆஃப்னு வருது."

"இங்க வரலையேங்க."

"காலைல ஆறு மணிக்கே நோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாளே! மிஸ் சொன்னதை முடிச்சுட்டு வந்துடுறேன்னு சொன்னா."

நான் சொன்னது என்ன என்பதைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்:

"அவளைக் கடலுக்கா மிஸ் அனுப்புனீங்க?"

கால் மணி நேரத்தில் பைக்கோடு வாசலில் நின்றார். ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவர், அதிகம் பேச மாட்டார். "ஏறுங்க மிஸ்" என்றார். குடையை விரித்தால் காற்று பிடுங்கிக்கொள்ளும் போலிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினேன். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தது. ஓர் இடத்தில் வாய்க்கால் பொங்கி ரோட்டின் மேலேயே ஓடியது. இறங்கி, முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளினோம். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"சுனாமில அவ அம்மாவும் தம்பியும் போயிட்டாங்க மிஸ். அப்புறந்தான் எனக்குக் கட்டிக் கொடுத்தாங்க. இருபது வருஷமா அவ கடலைப் பார்த்ததில்ல. டிவில அலை வந்தாக்கூட எழுந்து அடுப்படிக்குப் போயிடுவா. வேளாங்கண்ணிக்குப் போனாலும் மாதா கோயிலோட திரும்பிடுவோம், கரைப் பக்கமே வரமாட்டா. அவளைப் போயி..."

தண்ணீரைத் தாண்டியதும் மறுபடி ஏறினோம். "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஓட்டினார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனிதர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அவர் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன்? இரண்டு மதிப்பெண்ணுக்காகவா ஓர் உயிரோடு விளையாடினேன்?

கடலோர ரோட்டில் போலீஸ் மறித்தார்கள். "எங்கங்க போறீங்க? ஜனங்களையே வேன்ல ஏத்திக்கிட்டு இருக்கோம், நீங்க உள்ள வர்றீங்களே!" விஷயத்தைச் சொன்னதும் விட்டார்கள். சுனாமிக்குப் பிறகு ஊர் மொத்தத்தையும் உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டதால், பழைய குடியிருப்பு ஆளில்லாமல் கிடந்தது. சவுக்கு மரங்கள், அங்கங்கே மணலில் பாதி புதைந்த குட்டிச்சுவர்கள், அதற்கப்பால் கறுத்துப்போன கடல். அலையின் இரைச்சலில் நாங்கள் கத்திக் கூப்பிட்டது எங்களுக்கே கேட்கவில்லை. அவர் ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம் ஓடினேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மணல்மேட்டில் ஒரு ஜோடிச் செருப்பு. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. தினமும் சத்துணவுக்கூட வாசலில் நான் பார்க்கும் அதே செருப்பு. பக்கத்தில் ஒரு காலடிகூட இல்லை, எல்லாவற்றையும் மழை கரைத்திருந்தது. நேர் எதிரே கடல். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். முடிந்தது, நான் ஒருத்தியைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"மிஸ்?"

வலது பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு குட்டிச்சுவர். அதன் பின்னால், தொப்பலாக நனைந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டை மடியில் வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் மறக்கவே முடியாது.

"வாசல்லயே உக்காந்துட்டீங்களே மிஸ். உள்ள வாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பு கிடந்த இடம் அவர் வீட்டு வாசல். இல்லாத வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார். நானும் என் செருப்பை அவர் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சுவரைச் சுற்றி உள்ளே போனேன்.

"அன்னிக்கு நான் இங்கதான் மிஸ், வாசல்ல நின்னேன்" என்றார். "தண்ணி வர்றதைப் பார்த்தேன். அம்மா உள்ள இருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் உள்ள போகல. திரும்பிக்கூடப் பார்க்காம ஓடிட்டேன். இங்க வந்தா அம்மா மறுபடி கூப்பிடுவாங்களோ, ஏண்டி வரலன்னு கேப்பாங்களோன்னு பயம் மிஸ். இருபது வருஷமா அந்த ஒரு பயந்தான். இன்னிக்குத்தான் உள்ள வந்து உக்காந்தேன்."

"கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தார். அவர் கணவர் ஓடி வந்து, திட்டவும் தெரியாமல் தேற்றவும் தெரியாமல், தன் சட்டையைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினார். காற்று வலுத்தது. போலீஸ்காரர்களே வேனில் ஏற்றி எங்கள் இருவரையும் மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டார்கள். பின்னாலேயே பைக் வந்தது. புயல் கடைசியில் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல வந்தார். நான் பழைய விடைத்தாளைத் தேடி எடுத்து, என் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, குறைத்த இரண்டு மதிப்பெண்ணையும் போட்டுக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். ஓர் ஆசிரியையாக நான் கேட்ட முதல் மன்னிப்பு அதுதான். தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"பரீட்சைல அவலம்னே எழுதிடுறேன் மிஸ். திருத்துறவங்க எல்லாரும் எங்க வீட்டு வாசல் வரைக்கும் வர முடியுமா?"

அந்தத் தடவை தேறிவிட்டார். இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியில் அமைப்பாளர். நான் இன்னமும் அதே வாய்பாட்டைத்தான் நடத்துகிறேன், பிள்ளைகள் தேற வேண்டுமே. ஆனால் யாராவது மாற்றி எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏன் இப்படி எழுதின?" என்று கேட்கிறேன். பதில் வரும்வரை எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.