எழுத்தில் வந்த மாமியார்

மருத்துவமனை ஒன்றின் சர்வர் அறையில் வேலை பார்த்த அவருக்குக் கருப்புத்திரை என்று பட்டப்பெயர். கூட்டங்களில் மற்றவர்கள் வண்ண வண்ணமாய் ஸ்லைடு காட்டும்போது, அவர் மட்டும் கணினியில் எழுத்து மட்டுமே வரும் டெர்மினலைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டுவார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நான்கு வரி வரும். விசையைத் தட்டினால் அடுத்த நான்கு. புரொஜெக்டர்தான் கெட்டுவிட்டதென்று யாராவது எழுந்து கேபிளை ஆட்டிப் பார்ப்பார்கள். விஷயம் உள்ளவனுக்குப் படம் எதற்கு என்பது அவர் கட்சி.

நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்த அவருடைய மாமியார் ஓய்வு பெற்றார். விருந்தில் அவரைப் பற்றி ஸ்லைடு காட்டும் பொறுப்பு மாப்பிள்ளை தலையில் விழுந்தது.

"உங்க நாலு வரியெல்லாம் ஆபீஸோட வெச்சுக்குங்க. எங்கம்மா மூஞ்சி வேணும்" என்றாள் மனைவி.

"டெர்மினல்ல ஃபோட்டோ எடுபடாது."

"அப்ப எங்கண்ணன் பாத்துக்கட்டும்."

அண்ணன் தொழில்முறைப் புகைப்படக்காரர். அவரிடம் தோற்பதைவிடக் கொள்கையைக் கொஞ்சம் வளைப்பது மேல் என்று இவருக்குப் பட்டது. மாமியாரின் படத்தை எழுத்துகளாகவும் குறிகளாகவும் மாற்றும் சின்ன நிரல் ஒன்றை எழுதினார். தலைமுடிக்கு நட்சத்திரக் குறி, கன்னத்துக்குப் புள்ளி. அதை முதல் ஸ்லைடாக வைத்து, பின்னால் மாமியாரின் பணிக்காலத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிச் சேர்த்தார்.

விருந்து மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். நெற்றியிலிருந்து தொடங்கி வரி வரியாக முகம் இறங்கி வந்தது. மாமியார் எழுந்து திரையருகே போய் நின்றார்.

"மாப்பிள்ளை, இதுல எனக்குச் சுருக்கமே இல்லையே."

"எழுத்து பெருசு அத்தை. நுணுக்கமெல்லாம் விழாது."

"விழவே வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

மாப்பிள்ளை அடுத்த ஸ்லைடுக்குப் போனார். "முந்தினதுக்குப் போங்க" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. பணிக்காலத்தை ஒருவரும் படிக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த முகமே திரையில் இருந்தது.

"என் கேமரா இத்தனை வருஷமா செய்யாததைப் புள்ளி வெச்சே முடிச்சிட்டீங்க மாப்ள" என்றார் மைத்துனர். குரலில் பாராட்டு கொஞ்சம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, படங்களே ஆகாது என்றிருந்தவர் வீட்டுக் கூடத்தில் மனைவியின் பெரியம்மாவும் இரண்டு சித்திகளும் ஆளுக்கொரு ஃபோட்டோவோடு உட்கார்ந்திருந்தார்கள். இளைய சித்தி தன் முறை வந்ததும் திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இடுப்புகிட்ட ரெண்டு எழுத்து கொறைக்க முடியுமாப்பா?"

அவர் மூன்று குறைத்தார்.