பவாய் ஏரியில் என் கல்யாணச் சேலை

அறுபதுகளில் தாராவியில் குடியிருந்தோம். கல்யாணமான புதிதில், சர்ச்சில் ஞாயிறு பூசை கண்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் பவாய் ஏரிக்குப் போய், வாடகைப் படகில் தூண்டில் போட்டோம். பெரிய மீன் சிக்கியதும் அவர் சட்டென்று எழுந்தார்.

“எந்திரிக்காதீங்க!” என்று நான் கத்துவதற்குள் தண்ணீரில் விழுந்துவிட்டார். இருவருக்குமே நீச்சல் தெரியாது. படகோ விலகிப் போனது. வெட்கம் பார்க்காமல், உடுத்தியிருந்த கல்யாணச் சேலையை அவிழ்த்து, ஒரு முனையை அவரிடம் வீசினேன். முனையைப் பிடித்துக்கொண்டு, “ஏளா, விட்டுராத!” என்றார். இழுத்து, படகின் விளிம்பைப் பிடிக்க வைத்தேன். இன்னொரு படகுக்காரர் வந்து கரைசேர்த்தார்.

ஈரச் சேலையோடு பஸ்ஸில் திரும்பினேன். அவ்வளவு கூட்டத்திலும் அவர் என் கையை விடவேயில்லை.

இப்போதெல்லாம் படகில் கயிறு இருந்தால்தான் பேரப்பிள்ளைகளை ஏறவிடுகிறேன்.