ஒரு வாளிக் கசடு

இஞ்சினியரிங் படித்த நான்கு வருடங்களில் என்ன கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், குமட்டலை அடக்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் முதலில் வாயில் வருகிறது. அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அசிங்கம் ஆகாது. என் தட்டில் இன்னொருவர் கை பட்டுவிட்டால் சோறு இறங்காது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க டிஷ்யூ வேண்டும். "பெரிய ராஜா வீட்டுப் பிள்ள" என்று அம்மா நொடித்துக்கொள்வார். பல்கலைக்கழக விளம்பரத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவன் சுருட்டிய வரைபடத்தோடு நிற்பான். அவன் காலணியில்கூட ஒரு பொட்டு மண் இருக்காது. அவனைப் பார்த்துத்தான் கெமிக்கல் இஞ்சினியரிங்கில் சேர்ந்தேன். அந்த ஆள் இப்போது கையில் கிடைத்தாலும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன்.

கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் வகுப்புத் தோழர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அந்த வீட்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. தீபாவளி விடுமுறை முடிந்து பத்து நாள் கழித்து வந்து ரைஸ் குக்கரைத் திறந்தால் உள்ளே சோறு இருந்தது. சோறு என்பது மரியாதைக்கு. பச்சையும் சாம்பலுமாக அதில் முடி முளைத்திருந்தது. வருங்காலப் பொறியாளர்கள் ஐந்து பேரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒருவன் போட்டோ எடுத்தான். மூடியைப் போட்டு, குக்கரோடு சேர்த்துப் பையில் கட்டிக் குப்பையில் எறிந்தோம். அதன்பிறகு ஒரு வாரம், அன்றைக்குக் குக்கர் கழுவ யார் முறை என்று சண்டை போட்டோம்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் சாலாக் செலாத்தான்காரன். எதற்கும் முகம் சுளிக்காதவன். போட்டோ எடுத்தவனும் அவன்தான். கடைசி வருட புரொஜெக்டில் எனக்கு ஜோடியாக வாய்த்தவனும் அவன்தான்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். கடைசி வருடத் தலைப்புகளை எழுதிக் காலை ஒன்பது மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். முந்திப் போய்ப் பெயர் எழுதுகிறவனுக்கு நல்ல தலைப்பு. "நீ தூங்குலா, நான் போயி எழுதுறேன்" என்று சொன்னவன் பதினொன்றரைக்குத்தான் கண் விழித்தான். இருவரும் ஓடினோம். தண்ணீர் சுத்திகரிப்பு போயிருந்தது, சூரிய சக்தி போயிருந்தது, தேங்காய் நாரில் வடிகட்டிகூடப் போயிருந்தது. ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது: உணவகக் கழிவுக் கொழுப்பிலிருந்து எரிவாயு.

"சாப்பாட்டுக் கடை புரொஜெக்ட்தானேலா. சாப்டுகிட்டே செய்யலாம்" என்றான். எனக்கு அழுகை வந்தது.

வேலை இதுதான். உணவகத்தின் கசடைக் கொண்டுவந்து, மாட்டுச் சாணத்தோடு கலந்து, காற்றுப் புகாத டிரம்மில் அடைக்க வேண்டும். சாணத்தில் இருக்கும் கிருமிகள் கொழுப்பைத் தின்று வாயு விடும். அந்த வாயு ஒரு லோரி டயர் டியூபில் சேரும். கடைசியில் பரிசோதகர்கள் முன்னால் அடுப்பைப் பற்றவைத்து டெமோ காட்ட வேண்டும். தீ எரிந்தால் பாஸ். எரியாவிட்டால் ஒரு வருடம் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து. எனக்கோ, நான் பயிற்சிக்குப் போயிருந்த ஷா ஆலம் தொழிற்சாலையில், இந்தப் பருவத்தோடு படிப்பை முடித்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வருடம் காத்திருக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? அந்த நீலத் தீயில்தான் என் பிழைப்பு இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அனுமதி கிடைத்தது. முன்வாசலில் சாம்பிராணி வாசனை, மீன் பொரியல் வாசனை. பின்சந்தில் வேறு உலகம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். கழுவிய தண்ணீரில் உள்ள எண்ணெய் லோங்காங்கில், அதாவது சாக்கடையில், போய் அடைத்துக்கொள்ளாமல் இந்தப் பெட்டியில் தேங்கும். கிரீஸ் டிராப் என்பார்கள். மூடியைத் தூக்கினால் மேலே ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிற ஆடை. அதைக் கிழித்தால் கீழே ஊறிப் பெருத்த சோறு, கறிவேப்பிலை, மீன் முள், யாரோ துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. நாற்றத்தைப் பற்றி எழுதப் பார்த்தேன்; இப்போதும் வயிற்றைப் புரட்டுகிறது, விட்டுவிடுகிறேன்.

அதைச் செவ்வாயும் வெள்ளியும் சுத்தம் செய்வது அங்கே பாத்திரம் கழுவும் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கையுறை கிடையாது. முழங்கை வரை உள்ளே விட்டு அள்ளி, எங்களுக்கென்று ஒரு வாளியில் போட்டு மூடி வைப்பார். முதல் நாள் அவர் அள்ளியதைப் பார்த்ததும் நான் சந்தின் ஓரத்துக்கு ஓடி, காலையில் தின்ற தோசையை லோங்காங்குக்குக் கொடுத்தேன். அக்கா ஓடிவந்து முதுகைத் தடவப் பார்த்தார். அந்தக் கையோடு. நான் துள்ளி விலகினேன்.

"பாவம், பழக்கமில்ல" என்றார் அக்கா. என் ஜோடி அதற்குள் வாளியைத் திறந்து, "சாம்பார் கொஞ்சம் கம்மியா இருக்குலா" என்று ஆராய்ந்துகொண்டிருந்தான்.

வாளியை எல்ஆர்டி ரயிலில்தான் கொண்டுபோக வேண்டும், எங்களிடம் கார் இல்லை. மூன்று பிளாஸ்டிக் பைகள் சுற்றி, அதற்கு மேல் சேலைக் கடைப் பையைப் போட்டு மறைத்தோம். அப்படியும் எங்களைச் சுற்றி இடம் தானாகக் காலியானது. ஒரு நாள் எதிரில் உட்கார்ந்திருந்த அங்கிள் மூக்கை உறிஞ்சி, "என்னா தம்பி அது, கருவாட்டு ஊறுகாயா?" என்று கேட்டார்.

"ஆமா அங்கிள், வீட்ல செஞ்சது" என்றான் என் ஜோடி.

"விப்பீங்களா?"

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். சிரிப்பும் குமட்டலும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் என்ன செய்வான்?

சாணத்துக்குக் கிள்ளானில் ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் போனோம். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். ஆய்வுக்கூடத்தின் பின்னால் கொட்டகையில் டிரம்மை வைத்தோம். இரண்டாவது வாரம் டியூப் லேசாக உப்பியது. மூன்றாவது வாரம் அடுப்பில் ஒரு சின்ன நீலத் தீ நின்றது. அருவருப்பை மறந்து நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். பிறகு குளிக்கப் போனேன்.

ஐந்தாவது வாரத்தில் ஓர் அதிசயம். வாளியின் நாற்றம் குறைந்தது. அடுத்த முறை இன்னும் குறைந்தது. எலுமிச்சை மாதிரி ஒரு வாசனைகூட வந்தது. வாளியை அக்கா சோப்புப் போட்டுக் கழுவுகிறார் போல என்று நினைத்து மனசுக்குள் வாழ்த்தினேன். கசடு கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. வாழையிலைக் கடைக் கசடு மஞ்சளாக இல்லாமல் நீலமாகவா இருக்கும் என்று இருவருமே அதை விட்டுவிட்டோம். புரொஜெக்ட் குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேராக என் கையாலேயே எழுதினேன்: "மாதிரியின் தரம் மேம்பட்டுள்ளது."

ஆறாவது வாரம் டியூப் தொய்ந்தது. ஏழாவது வாரம் காலால் மிதித்தால்கூட அடுப்பில் ஒன்றும் வரவில்லை. டெமோவுக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

நாங்கள் எல்லாவற்றையும் சோதித்தோம். சோப்பு நுரை தடவி ஓட்டை தேடினோம். வெப்பத்தை அளந்தோம், அமிலத்தை அளந்தோம், டிரம்மைச் சுற்றிக் கம்பளி கட்டினோம். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாதபோது பக்கத்தில் இருப்பவன்தானே அகப்படுவான். சனி ஞாயிறுகளில் டிரம்முக்குத் தீனி போடுவது அவன் முறை. அவன் தூங்கியிருப்பான் என்று நானே முடிவு செய்தேன்.

"தலைப்ப தூங்கியே விட்டவன்தான நீ. டிரம்ம கொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் உடம்பு நாற்றம், அவன் படுக்கை, அவன் தின்கிற விதம், எல்லாவற்றையும் இழுத்தேன். எதற்கும் சிரிக்கிறவன் அன்று சிரிக்கவில்லை. "நான் ஒரு நாளும் மறக்கலடா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனான். அதன்பிறகு ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போனேன். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். பின்சந்தில் அக்கா வாளிக்கு முன் குந்தியிருந்தார். ஒரு கை நிறைய மஞ்சள் தூளை உள்ளே போட்டார். நாலைந்து எலுமிச்சை மூடிகளைப் பிழிந்து போட்டார். பிறகு தரை துடைக்கிற மருந்துப் புட்டியைத் திறந்து இரண்டு மூடி ஊற்றி, ஒரு கட்டையால் கிண்டினார்.

கிருமி கொல்லும் மருந்து. எங்கள் டிரம்மில் உயிரோடு இருக்க வேண்டியதே கிருமிதான்.

"அக்கா, என்னா செய்றீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பிடிபட்டவரின் சிரிப்பு இல்லை அது, பாராட்டை எதிர்பார்க்கிறவரின் சிரிப்பு. "ஒரு மாசமா போடறேன் தம்பி. நாத்தம் கொறஞ்சிருக்குல்ல? நீங்க ஒவ்வொரு வாட்டியும் பக்கெட்ட தூக்கறப்ப மூஞ்சிய பாப்பேன். பெத்தவ பாத்தா மனசு ஒடஞ்சிரும். அதான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். கத்தியிருப்பேன். வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது: இந்த வாளியில் என்ன செய்கிறோம் என்று இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அவருக்குச் சொன்னதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவரிடம் நான் காட்டியது என் முகம் ஒன்றைத்தான்.

சொன்னேன். கிருமி, வாயு, தீ, டெமோ எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. "ஐயோ, என்னால படிப்பு போயிருமா தம்பி?"

"ஒங்களால இல்ல அக்கா" என்றேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

அன்று பெட்டியில் மிச்சம் இருந்ததை நானே அள்ளினேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வீட்டுக்குப் போய் ஜோடியின் அறைக் கதவைத் தட்டி, நடந்ததைச் சொல்லி, என்னை மன்னிக்கச் சொன்னேன். "மொதல்ல கைய கழுவுலா, கப்படிக்கிது" என்றான் அவன். சமாதானம் ஆனது. கிள்ளானுக்குப் போய்ப் புதிய சாணம் கொண்டுவந்தோம். டிரம்மைக் கழுவி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

டெமோ அன்று டியூப் பாதிதான் உப்பியிருந்தது. நான் லைட்டரை நீட்டினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு நீலத் தீ. மெலிந்த தீதான். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எரிந்து அணைந்தது. பரிசோதகர்களில் மூத்த அம்மையார் எங்கள் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஐந்தாவது வாரத்திலிருந்து வாயு குறைகிறது. ஆனால் மாதிரியின் தரம் மேம்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி மேம்பட்டது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாற்றம் குறைந்தது, மேடம்."

அறையில் சிரிப்பு எழுந்தது. அம்மையார் சிரிக்கவில்லை. "ஆக, கடை ஊழியர் உங்கள் மாதிரியைக் கெடுத்துவிட்டார். அப்படித்தானே?"

ஆமாம் என்றால் மதிப்பெண் தப்பும். என் ஜோடி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். "இல்லை, மேடம். நாங்கள் அவருக்கு எதையும் விளக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, எனக்கு உதவி செய்வதாக நினைத்துப் போட்டார். தவறு என்னுடையது" என்றேன். அவர் எதையோ நீளமாக எழுதிக்கொண்டார். பாஸ் போட்டார்கள். அதற்குக் கீழே வேறு பாஸ் கிடையாது, அவ்வளவு கடைசிப் பாஸ்.

ஷா ஆலமில் வேலைக்குக் கையெழுத்துப் போட்ட நாளன்று நேராக பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். புதுச் சட்டை போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை. அக்கா பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.

"பாஸா தம்பி?"

"பாஸ் அக்கா. வேலையும் கெடச்சிருச்சு."

"முருகா!" என்று அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நல்லாருங்க. இனிமே இந்த நாத்தத்துக்கு நீங்க வர வேணாம்."

நன்றி சொல்லத்தான் வந்திருந்தேன். அவர் மறுபடி குனிந்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டார்.

"தள்ளி நில்லுங்க தம்பி, சட்டையில தெறிச்சிரும்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஓர் அடி பின்னால் போயிருந்தேன்.